வாயில் சில, கருவி பல

கணினி தனித்து நின்று தொழில் புரியும் பொறியன்று. விசைப்பலகை இல்வழி அஃது ஏவல் கேளாது. அச்சுப்பொறி இல்வழி எழுதித் தாராது. உடற்குப் புலன்களும் உறுப்புக்களும் போல, கணினிக்குப் புறக்கருவிகள் இன்றியமையாதன. அக்கருவிகளோ நாளும் பெருகுகின்றன. அவை வந்து சேரும் வாயில்களோ சிலவே. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டு மூன்று வாயில்களே உள. இம்முரணைத் தீர்க்கும் நெறியைப் போடிநாயக்கனூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

போடியில் ‘ஏலம்’ என்னும் சொல் இரு பொருள் தரும். ஒன்று, மலைச்சரிவில் விளையும் நறுமணக் காய். மற்றொன்று, போட்டியிட்டு விலை கூறும் முறை. முன்னது தமிழில் தொன்றுதொட்டு வழங்குவது. பின்னது போர்ச்சுகீசிய மொழியினின்று வந்து கலந்தது. இவ்விரண்டும் கூடும் ஊரிற் கணினியும் வந்து கூடியது. நறுமணப்பொருள் வாரியம் 2007-ஆம் ஆண்டில் மின்னணு ஏல முறையைப் புகுத்திற்று. 2021-ஆம் ஆண்டிற் போடியையும் கேரளத்துப் புற்றடியையும் ஒருங்கிணைக்கும் இணையவழி ஏலமும் தொடங்கிற்று.

இனி, இவ்வூரில் ஏலக்காய்க் கடை ஒன்று இருப்பதாகக் கருதுவோம். அதன் கணினிக்கு விசைப்பலகை, சுட்டி, மின்னணுத் தராசு, மூட்டைக்குச் சீட்டு அச்சிடும் பொறி, பில் அச்சிடும் பொறி, பட்டைக்கோடு படிக்கும் கருவி, கணக்கைப் படியெடுத்து வைக்கும் புற வன்தட்டு ஆகிய ஏழும் வேண்டும். வாயில்களோ மூன்று. என் செய்வது?

முற்காலத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வகை வாயில் வேண்டியிருந்தது. அக்குழப்பம் நீங்க, 1996-ஆம் ஆண்டில் யூ.எஸ்.பி. என்னும் பொதுவாயில் முறை வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதனை உருவாக்கியவருள் முதன்மையானவர் இந்தியாவிற் பிறந்த அஜய் பட் என்பார். இம்முறையில் ஒரு வாயிலைப் பலவாகக் கிளைக்கச் செய்யும் பெட்டிக்கு ஹப் என்று பெயர். ஒவ்வொரு கருவிக்கும் கணினி ஓர் எண்ணை முகவரியாக அளிக்கும். அம்முகவரி ஏழு இரும இலக்கங்களால் ஆயது. ஆதலின் 128 எண்கள் உண்டாம். அவற்றுட் சுழியம் புதிதாக வருங் கருவிக்கென ஒதுக்கப்பெற்றமையின், எஞ்சியன 127. ஹப்பும் அவற்றுள் ஒன்றைக் கொள்ளும். கணினி வினவினாலன்றி எக்கருவியும் வாய் திறவாது. ஆதலின் பல கருவிகள் ஒரே வழியில் இருந்தும் கூச்சல் எழுவதில்லை.

127 கருவி இணையுமெனின் ஏழு கருவிக்கு இடர் யாது என்று வினவலாம். இதற்கு விடை போடியின் பழைய வரலாற்றிலேயே உளது. மூணாற்றுத் தேயிலை முன்னாளிற் டாப் ஸ்டேஷன் என்னும் முகட்டிற் சேர்க்கப்பெற்று, கம்பிவழியே அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடியை அடைந்தது. தோட்டம் பல, கம்பி ஒன்று. முகட்டில் எத்துணைக் கிடங்கு கட்டினும் கம்பி சுமக்கும் பாரம் மிகாது. மூணாற்றிலிருந்து அம்முகட்டிற்குச் சென்ற சிறு இருப்புப்பாதை 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தபோது, அதனை நம்பியிருந்த தோட்டங்கள் யாவும் வேறு வழி தேட நேர்ந்தது. ஹப்பும் இத்தகையதே. அது வாயிலைப் பெருக்கும், வழியைப் பெருக்காது. அது பழுதுறின் அதனைச் சார்ந்தவை யாவும் ஓயும்.

வழியினும் பெரிய இடர் மின்னாற்றலால் வருவது. யூ.எஸ்.பி. இரண்டாம் பதிப்பின் விதிப்படி கணினியின் ஒரு வாயில் தருவது 500 மில்லி ஆம்பியர். தனி மின்னிணைப்பில்லாத ஹப், தனக்கு 100 கொண்டு, நான்கு கிளைகளுக்கும் தலைக்கு 100 வீதமே அளித்தற்குரியது. சுழலும் வன்தட்டிற்கு அது போதாது. தனி மின்னிணைப்புடைய ஹப்போ ஒவ்வொரு கிளைக்கும் 500 அளிக்கவல்லது. ஆயின் மழைக்காலத்தில் மலையடிவாரத்தில் மின்சாரம் தடைப்படுங்கால், மடிக்கணினி தன் மின்கலத்தால் இயங்க, ஹப் மட்டும் உயிரிழக்கும். ஆதலின் அதன் இணைப்பை இன்வெர்ட்டரோடு சேர்த்தல் வேண்டும்.

தராசிற்குத் தனியே ஒரு நுட்பம் உண்டு. மின்னணுத் தராசுகள் பல பழைய ‘சீரியல்’ வாயிலையே உடையன. மாற்றுக் கம்பியொன்றால் அவை யூ.எஸ்.பி.யிற் சேர்க்கப்பெறும். அக்கம்பியை இன்று ஒரு வாயிலிலும் நாளை மற்றொன்றிலும் செருகின், கணினி அதற்கு வேறு ‘காம்’ எண் அளித்தல் கூடும். எடைக்கணக்கு மென்பொருளோ பழைய எண்ணிலேயே தராசைத் தேடிக்கொண்டிருக்கும். தராசும் நன்று, கம்பியும் நன்று. எடை மட்டும் திரையில் வாராது. இதனை அறியாதார் நல்ல தராசைப் பழுதென்று தள்ளுவர்.

ஆகவே செய்யத்தக்கது இது. தராசைக் கணினியின் ஒரு வாயிலில் நேரே செருகி, அவ்வாயிலில் அடையாளமும் இடுக. வன்தட்டிற்கு மற்றொரு வாயிலை விடுக. மூன்றாம் வாயிலில் தனி மின்னிணைப்புடைய ஹப் ஒன்றை வைத்து, விசைப்பலகை, சுட்டி, பட்டைக்கோடு படிக்கும் கருவி, அச்சுப்பொறிகள் ஆகியவற்றை அதிற் சேர்க்க. அச்சுப்பொறிகள் தம் மின்னாற்றலைத் தாமே கொள்வன ஆதலின் அவற்றாற் பாரம் மிகாது. ஹப்போடு ஹப்பைத் தொடுத்துச் செல்வதைத் தவிர்க்க. விதிப்படி ஐந்திற்கு மேல் தொடுத்தலும் ஆகாது.

இவை சிறு செய்திகள் என்று இகழற்க. மலையினின்று மூட்டையோடு இறங்கிவந்த சிறு விவசாயி தராசின் முன் நிற்குங்கால் எடை தோன்றாதொழியின், அவர் ஐயம் கம்பியின்மேற் செல்லாது, கடைக்காரர்மேற் செல்லும். ஓராண்டு உழைப்பின் விலை அத்திரையில் தோன்றும் எண்ணைப் பொறுத்தது. ஆதலின் கருவிகளைப் பெருக்குவார் வாயிலை மட்டும் எண்ணாது, ஆற்றலையும் வழியையும் எண்ணிப் பெருக்குவாராக.