விற்பனை குறைந்தாலும் இ-இன்வாய்ஸ் கட்டாயமா?

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு தயாரித்து மொத்த வியாபாரிகளுக்கு அனுப்புகிறோம். 2018-19ல் எங்கள் விற்றுமுதல் 5 கோடியே 40 லட்சம். கொரோனாவுக்குப் பிறகு 4 கோடியைத் தொட்டதே இல்லை. இப்போது சென்னை நிறுவனம் ஒன்று, “உங்கள் பில்லில் க்யூஆர் கோடு இல்லை” என்று வரித் தொகையை நிறுத்திவைத்திருக்கிறது. 5 கோடிக்குக் கீழே இருக்கும் எங்களுக்கு இ-இன்வாய்ஸ் எதற்கு?
- வாசகர், கரூர்

பதில்: நீங்கள் சொல்லும் 5.40 கோடி வரி நீங்கலான தொகை என்றால், உங்களுக்கும் கட்டாயம்தான்.

விதி இன்றைய விற்பனையைப் பார்ப்பதில்லை. 2017-18 முதல் கடந்த ஏதாவது ஒரு நிதியாண்டில் வரம்பைத் தாண்டியிருந்தாலே போதும். பிறகு எவ்வளவு சரிந்தாலும் விலக்கு கிடையாது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேற்பட்ட நிறுவனங்களோடு தொடங்கிய இந்த முறை, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய எல்லோருக்கும் வந்துவிட்டது. நலிந்துபோன தொழிலை அதன் உச்ச ஆண்டை வைத்து அளப்பது நியாயமில்லை. கடைசி மூன்று ஆண்டுகளைப் பார்த்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இன்றைய சட்டம் அப்படி இல்லை.

எனவே முதலில் அந்த 5.40 கோடியைச் சரிபாருங்கள். ஒரே பான் எண்ணில் உள்ள எல்லா மாநிலப் பதிவுகளின் விற்பனையும், வரிவிலக்குள்ள சரக்கும், ஏற்றுமதியும் கணக்கில் சேரும். ஜிஎஸ்டி சேராது. அன்று ஒரு விரிப்பு 1,000 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் வரி. 5.40 கோடி வரியும் சேர்ந்தது என்றால், அதைக் கழித்த பிறகு நீங்கள் 5 கோடிக்குள்ளேயே நிற்கவும் கூடும்.

சென்னைக்காரர் மீது கோபப்படாதீர்கள். இ-இன்வாய்ஸ் போட வேண்டியவர் சாதாரண பில் கொடுத்தால், விதி 48(5) அதை பில்லாகவே ஏற்காது. நீங்கள் வரியை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், அவருடைய இன்புட் கிரெடிட்டை அதிகாரி மறுக்கலாம். உங்களுக்கு அபராதமும் உண்டு.

பலர் பயப்படுவதுபோல அரசுத் தளத்தில் உட்கார்ந்து பில் தயாரிக்க வேண்டியதில்லை. வழக்கமான மென்பொருளில் போடுங்கள். விவரம் பதிவுத் தளத்துக்குப் போய், 64 எழுத்து ஐஆர்என் எண்ணும் க்யூஆர் கோடும் திரும்பி வரும். அதை அச்சிட்டுக் கொடுத்தால் சரி.

30 நாளுக்குள் பதிய வேண்டும் என்ற கெடு, 2025 ஏப்ரல் முதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். ஆகவே நிறுத்திவைக்கப்பட்ட பழைய பில்களை நீங்கள் இப்போதும் பதியப் பார்க்கலாம். அவற்றை ஏற்கெனவே ஜிஎஸ்டிஆர்-1ல் காட்டியிருப்பீர்கள். இரண்டாம் முறை ஏறிவிடாமல் உங்கள் ஆடிட்டரை உடன் வைத்துச் செய்யுங்கள். தவறாகப் பதிந்ததை 24 மணி நேரத்துக்குள் தளத்தில் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு கிரெடிட் நோட்தான் வழி, அதற்கும் ஐஆர்என் வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாத சில்லறை வாடிக்கையாளருக்கு விற்பதற்கு இது எதுவும் தேவையில்லை.