தோலும் ஊசியும்: புதிதாகக் கற்போருக்குச் சில குறிப்புகள்

பொழுதுபோக்கு என்றால் நம் மாணவர்களிடையே பூப்பந்து, திரைப்படம், கணினி விளையாட்டு ஆகியவைதாம் முதலில் நினைவுக்கு வரும். நான் தோல்வேலை கற்கத் தொடங்கியிருக்கிறேன் என்றதும் விடுதி நண்பர்கள் சிரித்தார்கள். வீட்டில் அத்தை சிரிக்கவில்லை. "யுனிவர்சிட்டிக்குப் போயி செருப்புத் தைக்கவா கத்துக்கிட்டு வர்றே?" என்று கேட்டார். அன்று அவருக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது ஓரளவு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், இதைக் கற்க விரும்பும் நண்பர்களுக்காக, நான் பணத்தையும் தோலையும் வீணாக்கித் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். ஒருவராவது அதே தவறுகளைச் செய்யாமல் இருந்தால் போதும்.

எந்தத் தோலை வாங்குவது?

பச்சைத் தோல் அழுகிவிடும். அதை அழுகாமல் காப்பதே பதனிடுதல். இதில் இரண்டு முறைகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று, மரப்பட்டை, காய் முதலியவற்றிலுள்ள துவர்ப்புச் சத்தில் தோலை ஊறவைப்பது. கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்குமல்லவா? அந்தத் துவர்ப்புத்தான் தோலின் புரதத்தோடு சேர்ந்து அதைக் கெட்டிப்படுத்துகிறது. தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. நம் நாட்டுச் சதுப்பு நிலங்களில் வளரும் பாக்காவ் மரப்பட்டையிலும் இச்சத்து நிறைய உண்டு. இம்முறையில் தோல் பதமாகப் பல வாரங்கள் ஆகும். மற்றொன்று, குரோமிய உப்பைக் கொண்டு ஓரிரு நாளில் முடித்துவிடும் முறை. கடைகளில் விற்கும் பைகள், காலணிகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைத் தோலால் ஆனவையே. அது மென்மையானது, நீரைத் தாங்கும், சாயமும் பலவகை. ஆனால் கைவேலை பழகுகிறவருக்கு அது நல்ல ஆசிரியர் அன்று. விளிம்பைத் தேய்த்தால் மெருகேறாது, அழுத்தி வடிவம் கொடுத்தால் பழையபடி எழுந்துகொள்ளும்.

ஆகவே முதல் தோல், பட்டையில் பதனிட்ட தோலாக இருக்கட்டும். வெட்டுவாயைப் பாருங்கள். உள்வரை ஒரே பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் பட்டைத்தோல். நடுவில் நீலச் சாம்பல் கோடு ஓடினால் குரோமியம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், மேற்பூச்சு இல்லாத பட்டைத்தோல் உடனே உறிஞ்சிக் கறுக்கும்.

அடுத்தது கனம். சில கடைகளில் கனத்தை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். இதை அறியாமல் நான் பணப்பை செய்ய ஒன்பது அவுன்ஸ் தோலை வாங்கி வந்தேன். மூன்றரை மில்லிமீட்டர்! இடுப்புவாருக்குத்தான் அது பொருத்தம். நான்கு மடிப்புச் சேர்ந்ததும் 14 மில்லிமீட்டர் ஆயிற்று. சட்டைப்பையில் வைத்தால் செங்கல் வைத்ததுபோல் இருந்தது. அட்டைப் பைக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் போதும்.

முழுத்தோல் வாங்காதீர்கள். பை தைக்கும் பட்டறைகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை எடைக்கு விற்பார்கள். பழகுவதற்கு அதுவே ஏற்றது.

நம் நாட்டில் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. மலாய் நண்பருக்குப் பரிசாகச் செய்கிறீர்கள் என்றால் அது பன்றித்தோல் அல்ல என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பன்றித்தோலின் மேற்புறத்தில் மயிர்த்துளைகள் மும்மூன்றாக, முக்கோணமாக அமைந்திருக்கும். சந்தேகம் வந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மாட்டுத்தோலைத் தொட மனமில்லாத நம்மவர்களுக்கு ஆட்டுத்தோல் இருக்கிறது. ஆனால் அது மெல்லியது, இழுபடும், முதல் பாடத்துக்குச் சற்றுக் கடினம்.

கருவிகள்

ஐம்பது கருவிகள் அடங்கிய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று நானும் வாங்கினேன். அவற்றில் இன்றுவரை பயன்படுபவை ஆறோ ஏழோதான். மற்றவை என்னவென்றே தெரியாமல் பெட்டியில் உறங்குகின்றன. வெட்டுகத்தி, இரும்பு அளவுகோல், வெட்டுப்பாய், துளையிடும் பல்லுளி, இரண்டு ஊசிகள், நூல், தேன்மெழுகு, கொட்டாப்புளி. இவை இருந்தால் ஒரு பணப்பை செய்துவிடலாம்.

கத்திக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். அலகை ஒடித்துப் புதுமுனை பெறும் கத்தி புத்தகக்கடையிலேயே கிடைக்கும். 1956-இல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா என்பவர் அதை உருவாக்கினார். கட்டங்கட்டமாக உடைத்துத் தின்னும் சாக்லெட் பலகைதான் அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்ததாம்! மழுங்கிய கத்தியைவிடக் கூரான கத்தி பாதுகாப்பானது. மழுங்கியதை அழுத்தவேண்டி வரும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரல். அளவுகோலை இறுகப் பிடித்து, கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரே இழுப்பில் அறுக்க முயலாமல் மூன்று நான்கு முறை மெல்ல ஓட்டுங்கள். முனைகளை வளைவாக வெட்ட இருபது சென் நாணயத்தை வைத்துக் கோடு போட்டால் போதும்.

பல்லுளி என்பது முள்கரண்டியைப் போன்றது. ஒவ்வொரு பல்லும் சாய்சதுர வடிவில் துளை போடும். இரண்டு பல் ஒன்று (வளைவுக்கு), நான்கு பல் ஒன்று (நேர்கோட்டுக்கு) வாங்குங்கள். அடுத்த முறை அடிக்கும்போது முதல் பல்லை முந்தைய கடைசித் துளையில் வைத்தால் இடைவெளி மாறாது. பல்லுளி வாங்குமுன் பழக நினைத்தால், சாப்பாட்டு முள்கரண்டியால் தோலில் அழுத்தி இடைவெளியைக் குறித்துக்கொண்டு, குத்தூசியால் ஒவ்வொன்றாகத் துளைக்கலாம். நானே பல மாதங்கள் அப்படித்தான் செய்தேன்.

பல்லுளியை இரும்புச் சுத்தியலால் அடித்தால் தலை நசுங்கிவிடும். மரக் கொட்டாப்புளிதான் முறை. விடுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரவு பதினொரு மணிக்கு அடிக்காதீர்கள். கீழ் அறைக்காரர் மேலே வந்து கதவைத் தட்டியது எனக்கு நேர்ந்தது. மேசையின் நடுவில் அடிப்பதைவிட மேசைக்கால் இருக்கும் மூலையில் அடித்தால் ஓசையும் குறையும், துளையும் ஒரே அடியில் இறங்கும்.

இரட்டை ஊசித் தையல்

தோல்வேலையின் உயிர் இதுதான். குதிரைச் சேணம் தைத்தவர்களிடமிருந்து வந்ததால் இதனைச் சேணத் தையல் என்பர். தையல் இயந்திரத்தில் மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று. இரண்டும் துணியின் நடுவே ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்கின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தால் அடுத்தடுத்த தையல்களும் தளர்ந்து பிரியும். கைத்தையலில் ஒரே நூல், இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராக நுழைந்து வெளிவருகின்றன. ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் அதே துளைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுங்கள்; ஊசியில் கோக்கக் கூடுதலாக ஒரு சாண். 30 சென்டிமீட்டர் தையலுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். நூலைத் தேன்மெழுகில் இரண்டு மூன்று முறை இழுத்துக்கொள்ளுங்கள். ஊசி முனை மழுங்கியதாக இருக்கவேண்டும். துளை ஏற்கெனவே இருப்பதால் கூர்மை தேவையில்லை. கூர்மை இருந்தால் நூலையே குத்திவிடும். முதல் ஊசி நுழைந்ததும் அதன் நூலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டாம் ஊசியை விடுங்கள். எந்த ஊசி முதலில், எது மேலே என்ற வரிசையை ஆரம்பத்தில் முடிவு செய்துகொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள். தையல் ஒரே சாய்வில் விழுவதன் இரகசியம் அவ்வளவுதான். முடிவில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுங்கள். பாலியெஸ்டர் நூலானால் முனையை நெருப்பில் இலேசாகக் காட்டினால் உருகி அடைத்துக்கொள்ளும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். எங்கள் ஊர்க் கடைவரிசையின் அஞ்சடியில் ஒரு முக்காலியும் ஒரு மரப்பெட்டியுமாக உட்கார்ந்து காலணி பழுதுபார்ப்பவர். அறுந்த என் காலணியைக் கொடுத்துவிட்டு அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன தம்பி, கண்ணெடுக்காம பாக்கிறீங்க?" என்றார். நான் தைத்த பணப்பையைக் காட்டினேன். நகத்தால் தையலை நெருடிப் பார்த்துவிட்டு, "ஊசி போற எடம் தெரியுது, நூல் போற எடம் தெரியலையே" என்றார். பிறகு பெட்டியைத் தள்ளி எனக்கு இடம் கொடுத்தார்.

பல சனிக்கிழமைகள் அங்கே போயிருக்கிறேன். ஒருநாள் அவரே சொன்னார்: பிள்ளைகளின் பள்ளிப் பாரங்களில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் "வியாபாரம்" என்றுதான் எழுதுவாராம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டதாம். இப்போது எல்லாரும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். "நீங்க மட்டும் இதக் கத்துக்கணும்னு வர்றீங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இது பொழுதுபோக்கு, நாளைக்கே விட்டுவிடலாம். என்னை யாரும் அதனால் தாழ்த்தப் போவதில்லை, அத்தை முகம் சுளிப்பதைத் தவிர. அவருக்கோ இது சோறு போட்ட தொழில். அதையே மறைக்கவேண்டி இருந்தது.

தமிழ் படிப்பவர்கள் நாம். புறநானூற்றின் 82-ஆம் பாட்டில் சாத்தந்தையார், போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத வேகத்துக்கு உவமை தேடுகிறார். ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அந்த அவசரத்தில் தோல்வாரால் கட்டில் பின்னுகிறான் ஒரு தொழிலாளி. அவன் கையிலுள்ள ஊசியின் விரைவே அரசனின் போருக்கு உவமையாகிறது. இதைவிட உயர்ந்த பாராட்டு ஒரு கைவினைஞனுக்கு வேறென்ன? ஆனால் அதே பாட்டில் அவனைக் குறிக்க வந்த சொல், இழிந்தவன் என்று பொருள்படுவது. ஊசியைப் போற்றிய மொழியே, ஊசி பிடித்தவனுக்கு அந்தப் பெயரையும் வைத்தது. விரிவுரையில் இப்பாட்டை உவமைநயத்துக்காகப் படித்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும்போது தோல் தைப்பவர்களைப் பொற்கொல்லர் முதலியவர்களோடு ஒரே மூச்சில் சொல்லிச் செல்கிறது. அத்தைக்கு இந்த இரண்டையும் சொன்னேன். "அதெல்லாம் படிச்சவங்க பேச்சு" என்றார். ஆனாலும் போன தீபாவளிக்கு நான் தைத்துக் கொடுத்த சாவிக்கொத்து உறையைப் பையிலேதான் வைத்திருக்கிறார், பார்த்தேன்.

அளவும் பராமரிப்பும்

அட்டைப் பை செய்வோர் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. வங்கி அட்டையின் அகலம் 85.6 மில்லிமீட்டர், உயரம் 54. நான் 90 மில்லிமீட்டரில் தோலை வெட்டி இருபுறமும் 3 மில்லிமீட்டர் உள்ளே தைத்தேன். மிஞ்சியது 84. அட்டை நுழையவே இல்லை! இப்போது 98 வைத்து வெட்டுகிறேன். முதலில் தடித்த காகிதத்தில் மாதிரி வெட்டி, ஒட்டி, அட்டையை நுழைத்துப் பார்த்துவிட்டுத் தோலில் கைவையுங்கள். காகிதம் போனால் போகட்டும்.

விளிம்புக்கு 400, பிறகு 600 எண் உப்புத்தாள். பின்பு தண்ணீரை இலேசாகத் தொட்டுத் தடவி வழவழப்பான மரக்கட்டையாலோ கித்தான் துணியாலோ சூடேறும்வரை தேய்த்தால் கண்ணாடி போலாகும். அவசரக்காரர்களுக்கு இது ஆகாத வேலை.

நம் தட்பவெப்பத்தில் பூஞ்சைதான் பெரிய பகை. பட்டைத்தோலை நெகிழிப்பையில் கட்டி அலமாரியில் வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே வெள்ளை பூத்துவிடும். காற்றோட்டமாகத் துணியில் சுற்றி வையுங்கள். காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் கூடவே போடுங்கள். நனைந்துவிட்டால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும். எண்ணெய் பூசும்போது துணியில் ஒரு சொட்டு எடுத்துத் தடவினால் போதும். நிறைய ஊற்றினால் தோல் துவண்டுபோகும், அதிலும் பூஞ்சை வரும்.

முதல் வேலையாகச் சாவிக்கொத்து வார் ஒன்று செய்யுங்கள்; இரண்டாவதாக அட்டைப் பை. பணப்பையை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். என் மூன்றாவது பணப்பையை அஞ்சடிப் பெரியவரிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கடைசி நாலு தையல்ல பசி வந்துருச்சு போல" என்று சொல்லிக் குத்தூசியை என் கையில் கொடுத்தார். பிரித்துத் திரும்பத் தைத்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.