எக்ஸ்ரே நார்மல் என்றால் கணுக்கால் நார்மல் என்று அர்த்தமில்லை

கால் மடங்கினால் முதலில் எக்ஸ்ரே எடுப்பதில் தப்பே இல்லை. ஐஸ், கட்டு, ஓய்வு எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடப்பதை.

வாலிபாலில் எம்பி இறங்கும்போது என் வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. “எலும்பு முறியல டீச்சர், வெறும் சுளுக்குத்தான்” என்றார் எலும்பு டாக்டர். வீக்கம் வடிந்தது, மாதங்கள் போயும் வலி போகவில்லை. மாடிப்படி இறங்கினால் மூட்டுக்குள் ஆழத்தில் குத்தும், சில சமயம் அப்படியே பிடித்துக்கொள்ளும். போகும்போதெல்லாம் அதே பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து “நார்மல்தானே” என்பார். எம்.ஆர்.ஐ. கேட்டதற்கு “வீண் செலவு” என்றார். லீவுக்காக நடிக்கிறேன் என்று பள்ளியில் பேச்சு வேறு. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எக்ஸ்ரேயில் லிகமென்ட் தெரியாது, குருத்தெலும்பு தெரியாது, எலும்புக்குள் கோத்த நீரும் தெரியாது. வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில், கொழுப்பை மறைத்து எடுத்த படத்தில் கணுக்கால் மூட்டின் தாலஸ் எலும்பு கறுப்பாக இருந்தது. அதன் மேல்பக்க உள்மூலையில் மட்டும் நீர் கோத்த வெள்ளைத் திட்டு. அதற்கு மேலேயே குருத்தெலும்பு விரிசல் விட்டிருந்தது. இத்தனை மாதமும் நான் விரல் வைத்துக் காட்டிய அதே இடம்.

சுளுக்கு என்று சொல்லி ஆறு வாரம் தாண்டியும் ஆழத்தில் வலித்தால், மூட்டு பிடித்தால், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். ‘கால் வலி’ என்று மட்டும் எழுதிய சீட்டோடு ஸ்கேனுக்குப் போகாதீர்கள். எந்த இடம், எப்போது வலிக்கிறது, டாக்டரின் சந்தேகம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பேஸ்மேக்கரோ உலோகமோ உடம்பில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதிர்வீச்சு கிடையாது, அரை மணி நேரம் போலப் பாதத்தை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டை மட்டும் படித்து ஆபரேஷன் சொல்பவரிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிக்கணுவுக்குப் பின்னால் வளைந்து போகும் பெரோனியல் டென்டன், ஸ்கேனரின் காந்தப் புலத்துக்குச் சுமார் 55 டிகிரி சாய்ந்திருந்தால் கிழியாமலே கிழிந்ததுபோல் படத்தில் மின்னும். எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சி.டி.யைக் கொடுத்துப் படத்தையே பார்க்கச் சொல்லுங்கள். படத்தில் தெரியும் இடத்தை உங்கள் காலிலும் அவர் அழுத்திப் பார்க்க வேண்டும்.

வீண் செலவு என்ற பேச்சுக்கும் பயப்படாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் வெளியிடங்களைவிடக் குறைவு. நான் எடுத்ததும் அப்படியொரு மையத்தில்தான்.