காலால் மிதிக்கும் படகு

மூணாறு அருகே குண்டளை அணை இருக்கிறது. அங்கே மிதி படகைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் மிதிப்பது போல மிதிக்க வேண்டும். உள்ளே ஒரு சக்கரம் சுற்றும். அதில் உள்ள பலகைகள் தண்ணீரைப் பின்னால் தள்ளும். படகு முன்னால் போகும்.

கயாக் என்பது வேறு வகைப் படகு. ஒல்லியாக, நீளமாக இருக்கும். ஒருவர் அல்லது இருவர் உட்காரலாம். கையால் துடுப்புப் போட்டு ஓட்டுவதுதான் வழக்கம். 1997-ல் அமெரிக்காவில் ஹோபி என்ற கம்பெனி காலால் மிதிக்கும் கயாக்கை விற்கத் தொடங்கியது. அதன் அடியில் இரண்டு சிறகுகள் உண்டு. மிதிக்கும்போது அவை இடமும் வலமும் வீசும். வேறு சில கயாக்குகளில் சிறகுக்குப் பதில் விசிறி சுற்றும். கை சும்மா இருப்பதால் தூண்டில் போடுகிறவர்களுக்கு இது வசதி.

ஆனால் சிறகும் விசிறியும் படகுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏரியில் கவலை இல்லை. ஆற்றில்? தண்ணீர் குறைந்த இடத்தில் பாறை தட்டும். மணலில் புதையும். ஆகாயத்தாமரை சுற்றிக்கொள்ளும்.

பரம்பிக்குளத்தில் மூங்கில் தெப்பம் ஓடுகிறது. அதற்கு அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. பரிசலும் அப்படித்தான். ஆழம் குறைந்த தண்ணீருக்கு நம் பெரியவர்கள் கண்ட வழி அது.

மிதி கயாக்கில் போகிறவர் என்ன செய்வது? துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி ஆழம் பார்க்க வேண்டும். முழங்கால் அளவுதான் என்றால் மிதிப்பதை நிறுத்துங்கள். சிறகு வகையில் ஒரு மிதியை முழுவதும் முன்னே தள்ளினால் சிறகுகள் படகின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். விசிறி வகையில் விசிறியை மேலே தூக்கிவிட வேண்டும். பிறகு கைத்துடுப்பால் போகலாம். தட்டிய பிறகும் பலமாக மிதித்தால் விசிறி உடையும். ஆகவே கைத்துடுப்பு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஓடும் தண்ணீர் படகைப் பாறைமேல் குறுக்காகத் தள்ளினால் பாறைப் பக்கமே சாய வேண்டும். பயந்து மறுபக்கம் சாய்ந்தால் தண்ணீர் உள்ளே ஏறிப் படகு கவிழும்.

தண்ணீரில் விழுந்தால் உடனே எழுந்து நிற்கத் தோன்றும். வேகமான தண்ணீரில் நிற்கக் கூடாது. கால் பாறை இடுக்கில் மாட்டும். தண்ணீர் ஆளை மேலிருந்து அழுத்தும். இடுப்பளவுத் தண்ணீரிலும் உயிர் போகும். மல்லாந்து படுங்கள். காலைத் தண்ணீர் போகும் திசையில் நீட்டுங்கள். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும். வேகம் குறைந்த இடத்தில் கரை சேரலாம்.

2024 ஜூலையில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் புழையில் இறங்கிய நான்கு பேர் நடு ஆற்றில் சிக்கினார்கள். தண்ணீர் திடீரென்று ஏறிவிட்டது. தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி அவர்களைக் கரை சேர்த்தார்கள். இங்கே மழை இல்லாவிட்டாலும் மலையில் பெய்யும். அணையில் மதகு திறப்பார்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், படகை உடனே கரைக்குத் திருப்புங்கள்.