எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும் முதுகுவலியும்

உடற்பருமனுக்கான அறுவை சிகிச்சை குறித்து ஆலோசனை பெற வருவோர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எடை குறைந்தால் என் முதுகுவலி தீர்ந்துவிடுமா?" பலருக்கு வலி குறைகிறது, எல்லோருக்கும் அவ்வாறு நிகழ்வதில்லை. இதன் காரணத்தையும், சிகிச்சைக்குப் பின் முதுகுவலி உள்ளோர் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே விளக்குகிறோம்.

எடை முதுகை வருத்துவது எவ்வாறு?

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் இடையே மெத்தைபோல் அமைந்த டிஸ்குகள் உடலின் பாரத்தைத் தாங்குகின்றன. வயிற்றில் கொழுப்பு மிகும்போது பாரம் முன்புறமாகச் சாய்கிறது. நிமிர்ந்து நிற்பதற்கே முதுகுத் தசைகள் ஓயாது உழைக்க வேண்டியதாகிறது. கீழ்முதுகின் வளைவும் கூடுகிறது. தசைகள் களைத்து வலிக்கின்றன. டிஸ்குகளும் சிறு மூட்டுகளும் எளிதில் தேய்கின்றன. மேலும், மிகுதியான கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரப்பதால் வலியுணர்வு மிகக்கூடும்.

சிகிச்சைக்குப் பின் நிகழ்வது என்ன?

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பகுதி நீக்கப்படுகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாக அமைக்கப்பட்டுச் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. எடையின் பெரும்பகுதி முதல் 12 முதல் 18 மாதங்களுக்குள் குறைகிறது. அதனுடன் முதுகின் சுமையும் குறைகிறது.

அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் இத்தகைய சிகிச்சை பெற்ற 2,221 பேரைப் பற்றிய ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. அது முதுகுவலியை மட்டுமன்றிப் பொதுவான உடல்வலியை அளந்தது. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டோர் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ 58 விழுக்காடு. மூன்றாண்டு முடிவில் ஏறத்தாழ 49 விழுக்காடு. நன்மை உண்மையானது, ஆயினும் அது தானே நிலைத்திருப்பதில்லை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. விலகிய டிஸ்க் நரம்பை அழுத்துதல், நரம்புக் கால்வாய் குறுகுதல் போன்ற நிலைகளுக்கு எடைக் குறைப்பு மட்டும் போதாமல் போகலாம். அவற்றுக்குத் தனிச் சிகிச்சை தேவைப்படும்.

வலி மாத்திரையில் எச்சரிக்கை

நெடுநாள் முதுகுவலி உள்ளோர் மருந்துக்கடையில் தாமே மாத்திரை வாங்கி உட்கொள்வது வழக்கம். அறுவை சிகிச்சைக்குப் பின் இவ்வழக்கம் ஆபத்தாகலாம். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை, சிறப்பாகப் பைபாஸ் செய்துகொண்டோருக்கு, இரைப்பையும் குடலும் இணையும் இடத்தில் புண்ணை உண்டாக்கலாம். அப்புண்ணில் இரத்தம் கசியவோ துளை விழவோ கூடும். புகைபிடித்தல் இவ்வாபத்தை மிகுவிக்கிறது. வலிக்கு எந்த மருந்தை, எவ்வளவு உட்கொள்ளலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வேறு மருத்துவரிடம் செல்லும்போதும் உங்கள் அறுவை சிகிச்சையைப் பற்றித் தவறாது கூறுங்கள்.

எலும்பும் தசையும்

எடை விரைந்து குறையும்போது கொழுப்புடன் தசையும் எலும்பின் அடர்த்தியும் குறைகின்றன. முதுகைத் தாங்கும் தசை மெலிந்தால் வலி திரும்பக்கூடும். ஆகவே நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உண்ண முயலுங்கள். முட்டை, மீன், பருப்பு, தயிர், பன்னீர் ஆகியன உதவும். கால்சியம், வைட்டமின் டி, வைட்டமின் பி12 மாத்திரைகளை மருத்துவர் கூறிய அளவில் இடைவிடாது உட்கொள்ளுங்கள். நடைப்பயிற்சியுடன், இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் முதுகு, வயிற்றுத் தசைப் பயிற்சிகளையும் செய்யுங்கள்.

உடனே தெரிவிக்க வேண்டியவை

• சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றி வெளியேறுதல், சிறுநீர் கழிக்க இயலாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல்: இவை அவசர நிலை, தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.
• கறுத்த மலம், இரத்த வாந்தி, கடும் வயிற்றுவலி: இவற்றுக்கும் உடனே வாருங்கள்.
• காய்ச்சலுடன் கூடிய முதுகுவலி, இரவில் உறங்கவிடாத வலி.
• வலப்புற மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் வலி: விரைந்த எடையிழப்பால் பித்தப்பைக் கற்கள் உருவாகியிருக்கலாம்.
• பாதங்களில் எரிச்சலோ மரத்துப்போதலோ: பி12 குறைபாடும் காரணமாகலாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: வாரம் ஒருமுறை வலியின் அளவை 0 முதல் 10 வரையான எண்ணால் கேட்டு, எடை, நடந்த நேரம், உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது அதைக் கொண்டுவந்தால், எடையுடன் வலியும் குறைகிறதா, வேறு காரணத்தைத் தேட வேண்டுமா என்பதை நாங்கள் விரைவில் கண்டறிய இயலும்.