சூரிய ஒளிப் பம்பும் குழாய்க்குள் செல்லும் கம்பியின் கனமும்

மத்திய சர்க்கார் 2019-ம் வருஷத்தில் குசும் திட்டத்தை ஆரம்பித்தபின், கிணற்றுப் பாசனத்திற்குச் சூரிய ஒளிப் பம்பு வைக்கும் விவசாயிகள் பலர். தகடும் மோட்டாரும் நல்லவையா என்று விசாரிப்பவர்கள், இரண்டையும் இணைக்கும் கம்பியைப்பற்றிக் கேட்பது அரிது. கம்பி மெலிந்திருந்தால் தண்ணீர் குறையும். உறை கருகித் தீப்பற்றவும் கூடும். ஆகையால் கம்பியின் கனத்தைத் தீர்மானிக்கும் முறை இங்கே விவரிக்கப்படுகிறது.

1. உஷ்ணம்

மின்சாரம் ஓடும் கம்பி சூடேறும். திறந்த வெளியில் அச்சூடு காற்றிற் கலந்துவிடும், குழாய்க்குள் தங்கிவிடும். வெயில் படும் குழாயினுள் 60 டிகிரி உஷ்ணம் எனக் கொண்டு கணக்கிடுவது உத்தமம். பட்டியல்களிற் காணும் ஆம்பியர் அளவோ 30 டிகிரிக்கு உரியது. 60 டிகிரியில் பி.வி.சி. உறையுள்ள கம்பி அதிற் பாதியே தாங்கும். 90 டிகிரி தாங்கும் உறையுள்ள சூரியக் கம்பி நூற்றுக்கு 71 பங்கு தாங்கும். ஒரே குழாயில் இரண்டு ஜோடிகள் சென்றால், மேலும் நூற்றுக்கு 80 ஆகக் குறைக்க வேண்டும்.

உதாரணமாக, தகடுகள் இரண்டு வரிசைகளாக உள்ளன. ஒவ்வொரு வரிசையின் உச்ச மின்னோட்டம் 10 ஆம்பியர் என்க. பாதுகாப்பின் பொருட்டு 1.25-ஆல் பெருக்க 12.5 ஆகும். இதனை 0.71-ஆலும் 0.80-ஆலும் வகுக்க 22 ஆம்பியர் வரும். சூரியக் கம்பியில் 2.5 சதுர மி.மீ. செம்பு 31 ஆம்பியர் தாங்குமாதலால் போதும். பி.வி.சி. கம்பியானால் 31.25 ஆம்பியர் வேண்டும். அதே கனம் 24 ஆம்பியரே தாங்குமாதலால் உதவாது.

2. தூரம்

தூரம் மிகுந்தால் வோல்ட் அழுத்தம் வழியிலேயே குறையும். இந்நஷ்டம் நூற்றுக்கு மூன்றுக்கு மேற்படலாகாது. போக வர உள்ள மொத்த நீளத்தை மீட்டரில் கொண்டு, 0.0225-ஆலும் ஆம்பியராலும் பெருக்கிக் கம்பியின் சதுர மி.மீ. அளவால் வகுத்தால் நஷ்டமாகும் வோல்ட் கிடைக்கும். 300 வோல்ட், 9 ஆம்பியர், 100 மீட்டர் தூரத்திற்கு 4 சதுர மி.மீ. கம்பியில் 10 வோல்ட் நஷ்டம், இது அதிகம். 6 சதுர மி.மீ. கம்பியில் ஏறக்குறைய 7 வோல்ட் மட்டுமே. ஆகவே உஷ்ணக் கணக்கு, தூரக் கணக்கு இரண்டில் எது பெரிய கனத்தைத் தருகிறதோ அதையே வாங்குக.

3. குழாயின் அகலம்

கம்பிகள் குழாயின் உட்பரப்பில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அடைக்கலாகாது. 6 மி.மீ. குறுக்களவுள்ள நான்கு கம்பிகளுக்கு, உட்குறுக்களவு 19 மி.மீ.க்குக் குறையாத குழாய் வேண்டும். திணித்து இழுத்தால் உறை கிழியும்.

4. எச்சரிக்கை

தகடு வெயில்படும் வரை மின்சாரம் தந்துகொண்டேயிருக்கும். இது நேர் மின்சாரமாகையால், தொடர்பு விலகும் இடத்தில் எழும் பொறி எளிதில் அணையாது. நேர் மின்சாரத்திற்கென்றே செய்த ஸ்விட்சையே பொருத்துக. காந்தாரி போட்டுப் பணம் தீர்க்குமுன், விவசாயிகளும் பார்வையிடும் கிராம உத்தியோகஸ்தர்களும் கம்பியின்மேல் அச்சிட்ட கனத்தையும் வோல்ட் அளவையும் வாசித்து, மேற்கண்ட கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்வார்களாக.