வட்டம் வரையும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நகருக்கு வட்ட ரயில் பாதை சாத்தியமா என்று ஆராயும் பொறுப்பு, உன் முதல் பெரிய வேலையாகக் கிடைத்திருப்பதில் எனக்கு மிக்க மகிழ்ச்சி. வரைபடத்தில் வட்டம் அழகாகத்தான் இருக்கும். அதில் மயங்கிவிடாதே. வட்டப் பாதையில் முழுச் சுற்றுப் போக யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. நான்கைந்து நிலையம் போய் வேறு வண்டிக்கு மாறுகிறவர்களால்தான் அது வாழ்கிறது. எனவே, மக்கள் எங்கே மாறி ஏறுவார்கள் என்பதை முதலில் கண்டுபிடி.

டோக்கியோவின் யமனோட்டே பாதை 34.5 கி.மீ.; 1925இல் முழு வட்டமானது. மேற்குப் புறநகர்களின் தனியார் ரயில்கள் ஷின்ஜுகு, ஷிபுயா, இகெபுகுரோ நிலையங்களில் வந்து முடிகின்றன. அங்கே இறங்குகிற கூட்டம் வட்டத்தில் ஏறுகிறது. டெல்லியின் ரிங் ரயிலும் ஏறக்குறைய அதே நீளம்தான். ஆனால் அது 1975இல், சரக்கு வண்டிகள் நெரிசலான பெரிய நிலையங்களைத் தொடாமல் போவதற்காகப் போட்டது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பயணிகள் வண்டிக்கு ஏற்றபடி மேம்படுத்தினார்கள். பல நிலையங்களுக்குப் பேருந்து இணைப்பே சரியாக இல்லை, கூட்டம் சேரவில்லை. தண்டவாளம் இருந்தது, மாறி ஏற வழி இல்லை.

அடுத்து, கால அட்டவணை. மற்றப் பாதைகளில் வண்டி கடைசி நிலையத்தில் சில நிமிடம் நிற்கும்; வழியில் ஏற்பட்ட தாமதம் அங்கே ஈடாகும். வட்டத்துக்குக் கடைசி நிலையம் கிடையாது. ஒரு சுற்றுக்கு 60 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால், திசைக்கு 6 வண்டி போதும். சுற்று 63 நிமிடமானால் ஏழாவது வண்டி வேண்டும். மீதி 7 நிமிடத்தைப் பயணிகளை உள்ளே வைத்துக்கொண்டே எங்காவது நின்று கழிக்க வேண்டும். லண்டன் சர்க்கிள் பாதை 1884இல் வட்டமானது. தாமதம் தீராமல் சுற்றிக்கொண்டே இருந்ததால், 2009 டிசம்பரில் வட்ட ஓட்டத்தை நிறுத்தி, ஹாமர்ஸ்மித்தில் ஒரு முனை கொடுத்தார்கள். அது தோல்வி அல்ல, தெளிவு. வண்டி மூச்சுவிட ஓர் இடத்தை நீ இப்போதே ஒதுக்கிவிடு.

மூன்றாவது, நிலம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கி.மீ. போட்டால், பறக்கும் ரயிலும் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலும் கைகோத்து நம் சென்னைக்கு ஒரு வளையம் கிடைக்கும் என்று திட்டமிட்டார்கள். 2008இல் வேலை தொடங்கியது. ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நிலம் வழக்கில் சிக்கியதால், பத்தாண்டுக்கு மேல் பாலம் அந்தரத்தில் நின்றது. வீட்டை விடுகிறவர் நியாயமான விலை கேட்பதில் குற்றமில்லை. அதைத் திட்டம் போடும்போதே கணக்கில் எடுக்க வேண்டியது நம் கடமை. நேர்ப்பாதையில் அரை கிலோமீட்டர் குறைந்தால் அதுவரை வண்டி ஓடும். வளையத்தில் அரை கிலோமீட்டர் குறைந்தால் வளையமே இல்லை.

ஆகவே தம்பி, அறிக்கை எழுதுவதற்கு முன் பாதை நெடுகிலும் ஒரு தடவை நடந்துவிடு. மாலை ஆறு மணிக்குச் சந்திப்பு நிலையங்களில் நின்று, ஜனம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார். அந்த ஓட்டம் அரைவட்டத்தோடு நின்றால், அரைவட்டம் போதும் என்று தயங்காமல் எழுதிக் கையெழுத்துப் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்